இடித்த கிடங்கின் மண் எந்தெந்த மனைக்குப் போனது?

கீரைப்பாத்தி

வேலூரில் எங்கள் பக்கம் ஒரு பழைய கிடங்கு வளாகத்தை மாசி மாதத்திலிருந்து இடித்து வருகிறார்கள். எது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் வணிக வளாகம் வரப்போகிறதாம். வரட்டும். பாம்புக்கும் குடிகாரர்களுக்கும் தவிர யாருக்கும் பயன்படாமல் கிடந்த கட்டடம்தான் அது. என் கவலை மண்ணைப் பற்றி.

சுவரெல்லாம் விழுந்த பிறகு ஜேசிபி விட்டுத் தரையையும் இடுப்பளவு தோண்டினார்கள். சித்திரை மாதம் முழுக்க அந்த மண்ணும் ரப்பிஷும் கலந்து டிப்பர் டிப்பராக வெளியே போயிற்று. தாழ்வான மனை வைத்திருப்பவர்கள் மேடாக்க வாங்கிக்கொண்டார்கள். ஆடிப்பட்டத்துக்குக் கத்தரியும் முளைக்கீரையும் போடலாம் என்று எங்கள் வீட்டுக்காரரும் கொல்லையில் ஒரு லோடு இறக்கிவிட்டார். சவுடு மண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நேற்று அதைப் பரப்பும்போது பார்த்தேன். உடைந்த சிமெண்ட் ஷீட், பச்சை பெயிண்ட் ஒட்டிய காரைக் கட்டி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த மண். அதோடு உள்ளங்கை அகலத்தில் தோல் துண்டுகள். மக்கவே இல்லை. குழாயடியில் கழுவிப் பார்த்தால் வெளிர்நீல நிறம். முந்தாநாள் தூறல் விழுந்து காய்ந்ததும் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

என் பேரனுக்கு மூன்று வயது. அந்தக் குவியல்தான் அவனுக்கு மலை, கோட்டை எல்லாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதில் செடி வைக்கலாமா? பிள்ளையை விடலாமா? இல்லை, மொத்தத்தையும் அள்ளி வெளியே போட வேண்டுமா? போடுவதென்றால் எங்கே போடுவது?

கொத்து வேலை

அக்கா, பயப்படாதீர்கள். முப்பது வருஷமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். சத்துவாச்சாரி, அலமேலுமங்காபுரம் பக்கம் பாதி மனைகள் ரப்பிஷ் கொட்டி மேடாக்கியவைதான். அங்கே குடியிருக்கிறவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பெரிய கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வண்டி தொழுஉரம் போடுங்கள், கத்தரி பிய்த்துக்கொண்டு காய்க்கும்.

மூன்றாவது தெரு

மண்ணை விடுங்கள், தூசிக்கு என்ன சொல்வது? தண்ணீர் தெளிக்கவே இல்லை. பச்சைத் துணி கட்டியதும் ரோட்டுப் பக்கம் மட்டும்தான். எங்கள் அம்மாவுக்கு வீசிங். இரண்டு மாதம் ஜன்னல் திறக்கவில்லை.

பழைய மண்டி

அந்த வளாகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. எங்கள் குடும்பம் மேல்விஷாரம், தோல் வியாபாரம்.

நீங்கள் சொல்லும் இடத்தில் முதலில் தோல் மண்டிதான் இருந்தது. பச்சைத் தோல் வரும், உப்பு தடவி மடித்து அடுக்குவோம். உப்பு போடாவிட்டால் மறுநாளே அழுகிவிடும். தோலை விரித்து உதறினால் தரையெல்லாம் உப்புதான். வருஷக்கணக்காக அந்தத் தரையில் ஊறிய உப்பு எங்கேயும் போயிருக்காது. வெள்ளையாகப் பூத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த நீலத் துண்டு. எங்கள் அப்பா காலத்தில் ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் பதனிடுவார்கள். அந்தத் தோல் பழுப்பாக இருக்கும், மண்ணில் கிடந்தால் நாளாவட்டத்தில் மக்கிவிடும். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை எழுபதுகளில் அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகுதான் குரோம் பெரிய அளவில் வந்தது. குரோம் உப்பில் ஊறி வெளியே வரும் தோல் வெளிர்நீலமாக இருக்கும், அதற்குப் பெயரே வெட் புளூ. லேசில் மக்காது. நீங்கள் கழுவிப் பார்த்தது அதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வெட்டுத் துண்டு வாங்கி வைத்து விற்கிற ஆட்கள் பின்னால் அங்கே இருந்தார்கள்.

மண்டி மூடின பிறகு லாரி பட்டறை வந்தது. பேட்டரி, கழிவு ஆயில், பெயிண்ட் எல்லாம் அந்தக் காலத்து ஆசாமிகள் எங்கே ஊற்றியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். அந்தத் துண்டுகளைக் குவித்துக் கொளுத்திவிடாதீர்கள். மண்டியில் அப்படிக் கொளுத்தினவர்களுக்குக் கண் எரிச்சல் நாள் கணக்கில் போகாது.

சோதனைக்குழாய்

பாய் கடைசியாகச் சொன்னதை எல்லோரும் ஒருமுறை மறுபடி படியுங்கள். பதனிட்ட தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், குரோமியம் உலோகத்தின் ஒரு வடிவம். அது பெரும்பாலும் கரையாமல் இருந்த இடத்திலேயே கிடக்கும், நச்சும் குறைவு. அதைக் கொளுத்தினால் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிச் சாம்பலில் தங்கும். அதுதான் புற்றுநோய் வரை போகக்கூடியது, தண்ணீரில் கரைந்து கிணறு வரை ஓடக்கூடியது. சும்மா கிடந்ததை நாமே தட்டி எழுப்பின மாதிரி ஆகிவிடும்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரவு விரிவாக எழுதுகிறேன்.

சிப்காட் வாசி

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆறு இணைதிறன் குரோமியம் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரியும். சிப்காட் தொழிற்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று எழுபதுகளின் நடுவில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் மூடிப்போனது. ஒன்றரை லட்சம் டன் கழிவுக்கு மேல் திறந்தவெளியில் விட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். 2006ல் உலகிலேயே மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டபோது எங்கள் ஊர் அதில் இருந்தது. ஆலை மூடி எத்தனை வருஷம் ஆயிற்று பாருங்கள், அந்தக் குவியலின் கதை முடியவில்லை.

உங்கள் ஊரில் குவியலே இல்லை, தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்காவது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மனை விற்பனை

இந்த இழையைத் தொடங்கினவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு கிடங்கை இடித்ததை ராணிப்பேட்டையோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். வேலூர் என்றாலே டேனரி, நாற்றம், கேன்சர் என்று வெளியூர்க்காரன் ஏற்கெனவே பேசுகிறான். ஸ்மார்ட் சிட்டி வந்து, புது பஸ் ஸ்டாண்ட் வந்து, இப்போதுதான் மனைக்கு ஒரு விலை நிற்கிறது. எந்த ஆதாரமும் இல்லாமல் விஷ மண் என்று எழுதினால் அந்தத் தெருவில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீட்டை விற்கப் பார்க்கிறவன் என்ன ஆவான்? முதலில் ஆதாரம் காட்டுங்கள், அப்புறம் எழுதுங்கள். நெறியாளர் இதை நீக்க வேண்டும்.

நெறியாளர்

நீக்கப்போவதில்லை. ஒப்பந்தக்காரர் பெயர், அலுவலகத்தின் பெயர், வீட்டு எண் எதையும் போட வேண்டாம். மற்றபடி பேசுங்கள்.

கீரைப்பாத்தி

விஷ மண் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. என்னவென்று தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

இன்று மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. போன வாரமே எங்கள் வீட்டுக்காரர் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார், உரம் எவ்வளவு போடலாம் என்று தெரிந்துகொள்ள. தழை குறைவு, சாம்பல் பரவாயில்லை, இரும்பு, துத்தநாகம் போதுமான அளவு, கார அமில நிலை எட்டரைக்கு மேல், உப்பு அதிகம் என்று போட்டிருக்கிறது. ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லியிருக்கிறார்கள். விஷம் என்று எதுவும் இல்லை. அப்படியானால் சரிதானே?

மனை விற்பனை

பார்த்தீர்களா? அரசாங்க சர்டிபிகேட். இழையை மூடலாம்.

சோதனைக்குழாய்

மூட வேண்டாம். இந்த ஊரில் பலரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

மண்வள அட்டைக்காகப் பார்ப்பது பன்னிரண்டு அளவுகள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். விவசாயிக்குத் தேவையானது அவ்வளவுதான், அந்த வேலையை அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஈயம், குரோமியம், காட்மியம், ஆர்செனிக், எண்ணெய் எதுவும் அதில் கிடையாது. தேடாத ஒன்று முடிவில் இல்லை என்பதை வைத்து மண்ணிலும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தாளில் ஒரு துப்பு இருக்கிறது. காரம் எட்டரைக்கு மேல். சிமெண்டும் சுண்ணாம்பும் தூளாகக் கலந்தால் அப்படித்தான் ஏறும். காரம் ஏறினால் ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குள் போவது குறையும். அது நல்லது. ஆறு இணைதிறன் குரோமியம் நேர்மாறு, காரமான மண்ணில் அது பிடிப்பு விட்டுத் தண்ணீரோடு நகரும். உங்கள் மண்ணில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் இந்த மண் அதைத் தடுத்து நிறுத்தாது, அவ்வளவுதான். அதனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கே போங்கள். சும்மா மண் டெஸ்ட் என்று கேட்காமல், மொத்த ஈயம், மொத்த குரோமியம், காட்மியம், ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆறு இணைதிறன் குரோமியம் தனிச் சோதனை, தனிக் காசு. அதற்கான மண்ணைக் காய வைக்காமல், கண்ணாடிப் பாட்டிலில் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். பட்டறை இருந்த இடம் என்பதால் எண்ணெய்க்கும் ஒன்று. நாலு வீட்டார் சேர்ந்து கொடுத்தால் செலவு தாங்கும்.

மண் எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. பிள்ளை விளையாடுவதைப் பற்றிக் கவலை என்றால் மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் எடுங்கள், ஏனென்றால் கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த மண்தான். செடிக்கு என்றால் ஒரு சாண் ஆழம். ஒரே இடத்தில் அள்ளாமல் குவியலின் ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலக்குங்கள். துருப்பிடித்த களைக்கொட்டு வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். முக்கியமாக இன்னொன்று. லோடு இறக்காத இடத்தில், உங்கள் சொந்தக் கொல்லையின் பழைய மண்ணையும் ஒரு பையில் கொடுங்கள். இயற்கையாகவே எல்லா மண்ணிலும் கொஞ்சம் குரோமியமும் ஈயமும் உண்டு. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், வருகிற எண்ணை வைத்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கொத்து வேலை

சார், ஒரு லோடு மண்ணின் விலையைவிட டெஸ்ட் செலவு பத்து மடங்கு ஆகும் போலிருக்கிறதே. ஈயம் எங்கிருந்து வரும்? பேட்டரி போட்டிருந்தால் பொறுக்கி விற்றிருப்பான், மண்ணிலா விடுவான்?

சோதனைக்குழாய்

பேட்டரியின் ஈயத் தகட்டைப் பொறுக்கி விற்பார்கள். உள்ளே இருக்கும் அமிலத்தையும் சேற்றையும் தரையில்தான் கவிழ்ப்பார்கள், ஈயம் அதில் கலந்திருக்கும். அந்தப் பச்சை பெயிண்டும் இன்னொரு மூலம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருந்தது என்று யார் கேட்டார்கள்? பெட்ரோலில் ஈயம் போனது 2000ல். பெட்ரோல் வண்டிகள் நின்று கிளம்பின இடத்து மண்ணில் அதுவும் படிந்திருக்கும். ஈயம் மக்காது, ஆவியாகாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டு மண்ணில் ஈயம் 400 பிபிஎம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வைத்திருந்தார்கள். 2024ல் அதை 200 ஆகக் குறைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் முடிவு. உங்களுக்கும் எனக்கும் இந்த மண் பெரிதாக ஒன்றும் செய்யாமல் போகலாம். கேள்வி மூன்று வயதுப் பேரனைப் பற்றி.

முடிவு வரும்வரை: குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பிள்ளையை விடாதீர்கள். செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கீரை, முள்ளங்கி, கேரட் வேண்டவே வேண்டாம். மண்ணோடு ஒட்டி வளர்வதும், இலையில் தூசி படிவதும் அவைதான். கத்தரி, தக்காளி, வெண்டை மாதிரி காய்களில் ஈயம் ஏறுவது குறைவு. இருந்தாலும் இந்த ஆடியில் பழைய மண்ணில் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மண்டி

இலவம்பாடி முள்ளுக் கத்தரி நாற்று கிடைத்தால் தொட்டியிலேயே வையுங்கள் அம்மா. புவிசார் குறியீடு வாங்கின காய், அதைப் போய் ரப்பிஷில் வைக்கலாமா?

மூன்றாவது தெரு

சிமெண்ட் ஷீட் பற்றி யாரும் பேசவில்லையே. கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ்தான். மேலே நின்று சம்மட்டியால் உடைத்தார்கள், நான் பார்த்தேன். வேலை பார்த்த பையன்கள் முகத்தில் துண்டுகூட இல்லை.

சோதனைக்குழாய்

ஷீட் முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடைத்தால், அறுத்தால், ஜேசிபி சக்கரம் ஏறி நொறுக்கினால்தான் நார் காற்றில் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, நோய் வர இருபது முப்பது வருஷம்கூட ஆகும். நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் தடை இல்லை, அதனால் அலட்சியம். முறையாக என்றால் நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். குவியலில் துண்டு கிடைத்தால் தண்ணீர் தெளித்து, கையுறை போட்டுப் பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி ஓரமாக வையுங்கள். உரசக் கூடாது, துடைப்பம் போடக் கூடாது. முதலில் பரிதாபத்துக்கு உரியவர்கள் அந்தக் கூலிப் பையன்கள்தான், நாமெல்லாம் அப்புறம்.

மனை விற்பனை

நல்லது, எல்லாம் படித்தேன். ஆனால் இவ்வளவு பேசியும் ஆதாரம் இல்லை. ஆய்வக முடிவு வரட்டும், விஷம் இருக்கிறது என்று நீங்கள் நிரூபியுங்கள், நானே கலெக்டரிடம் வருகிறேன்.

கறுப்புக் கோட்டு

நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை, நண்பரே. இதை வேலூர்க்காரருக்கே சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததை எதிர்த்து நம் ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது. அதில் மூன்று விஷயம் நமக்கு வேண்டியவை. அறிவியல்பூர்வமாக முழு உறுதி கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. மாசுபடுத்தியவர்தான் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு அந்தச் செயலைச் செய்பவருடையது. கீரைப்பாத்தி அம்மா தன் காசில் டெஸ்ட் எடுத்து நிரூபித்தால்தான் ஆயிற்று என்று கேட்பது தலைகீழ்.

அடுத்தது இடிபாட்டுக் கழிவு விதிகள். 2025ல் புதிய விதிகள் அறிவித்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே வேலை மாசியிலேயே தொடங்கிவிட்டது, ஆகவே 2016 விதிகளைக் காட்டியே கேட்கலாம். ஒரு நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னோ தாண்டினால் முன்கூட்டியே கழிவு மேலாண்மைத் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என்று பிரித்திருக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மண் அபாயகரக் கழிவு என்று தெரிந்தால் அதற்கு வேறு விதிகள், அதை யாருக்கும் மனை மேடாக்க விற்க முடியாது.

நேரம் குறைவு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் போவதென்றால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலே அறுபது நாள். மாசியிலிருந்து எண்ணினால் ஆவணியில் முடிகிறது. ஆடி போகட்டும், நல்ல நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் போயிற்று.

ஆய்வகச் சோதனை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுங்கள், உங்கள் வீட்டுப் பாதுகாப்புக்கு அது வேண்டும். வழக்கில் அதிக எடை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிக்குத்தான். ஆகவே மனுவில் முதல் கோரிக்கை இழப்பீடு இல்லை. மீதி மண் அங்கேயே நிற்க வேண்டும், வாரியம் வந்து மாதிரி எடுக்க வேண்டும், போன மண் எங்கே போனது என்ற பட்டியல் வேண்டும்.

சிப்காட் வாசி

பட்டியலை முதலில் கேளுங்கள் சார். எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன், டெஸ்ட் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மண் எங்கே என்பது ஆறு மாதம் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேலே வீடு கட்டிவிடுவார்கள், அப்புறம் போர்வெல் போடுவார்கள்.

கால்வாய்க் கரை

மனைகளுக்கு மட்டும் போகவில்லை. நிக்கல்சன் கால்வாய் ஓரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் டிப்பர் வந்து கவிழ்த்ததை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். போட்டோ இருக்கிறது, வண்டி எண் சரியாகத் தெரியவில்லை. ஐப்பசி மழை வந்தால் அவ்வளவும் கரைந்து பாலாற்றுக்குத்தான் போகும். கரையோரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் போர்த் தண்ணீர்தான்.

சோதனைக்குழாய்

அப்படியானால் போர்த் தண்ணீரை இப்போதே, மழைக்கு முன் ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் எடுப்பதோடு ஒப்பிட அதுதான் உதவும். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம், இவற்றைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்பையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சினால் இதெல்லாம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

கொத்து வேலை

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வேலை நடக்கிற விதம் தெரிந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

எங்கே போனது என்று தெரியாது என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு நடைக்கும் டிரிப் ஷீட் இருக்கும். வண்டி எண், நேரம், எந்த இடத்தில் இறக்கினது, இறக்கின இடத்தில் ஒரு கையெழுத்து. டிரைவருக்கு நடைக் கணக்கில்தான் சம்பளம், டீசல் கணக்கும் அதில்தான். அந்தச் சீட்டு இல்லாமல் ஒப்பந்தக்காரர் ஒரு ரூபாய் பில் வாங்க முடியாது. தோண்டின மண்ணை எத்தனை கன மீட்டர் என்று அளந்து எழுதுகிற அளவுப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சீட்டுக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், விடுபடுகிற அளவுதான் கால்வாய்க்குப் போனது.

இன்னொன்று. வளாகத்தின் பின்பக்கம், பட்டறை ஷெட் இருந்த மூலை இன்னும் தோண்டவில்லை. கிணறு ஒன்று குறுக்கே வந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பில்லர் குழி எடுக்க அடுத்த வாரம் ஜேசிபி வருகிறது என்று பேச்சு. பட்டறை ஆயிலெல்லாம் ஊற்றின மூலை அதுதான்.

அப்புறம் பாகாயம் பக்கம் நான் எடுத்திருக்கிற வேலைக்கு பேஸ்மட்டம் நிரப்ப இங்கிருந்து எட்டு லோடு வந்தது. வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். மேலே பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த விலாசத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தனிச் செய்தியில் தருகிறேன்.

கறுப்புக் கோட்டு

அண்ணா, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய ஆதாரம். டிரிப் ஷீட், அளவுப் புத்தகம், கழிவு மேலாண்மைத் திட்டத்தின் ஒப்புதல் நகல், மூன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே ஒரு மனு. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நமக்கு அதுவரை பொறுக்க முடியாது, ஆகவே திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் பின்மூலை தோண்டுவதை நிறுத்தக் கேட்டு ஒன்று, அதன் நகல் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். தீர்ப்பாயத்துக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

மனுவில் விஷம், புற்றுநோய் என்ற வார்த்தைகள் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நீலத் தோல் துண்டு, எண்ணெய் மண், உடைந்த ஷீட், இறக்கின தேதி, போட்டோ.

மனை விற்பனை

எனக்கு ஒரு சந்தேகம். பட்டியல் வெளியே வந்து அதில் இருக்கிற மனையை நான் ஏற்கெனவே விற்றிருந்தால், வாங்கினவர் என்னைத்தானே பிடிப்பார்?

கறுப்புக் கோட்டு

தெரிந்து மறைத்தால் பிடிப்பார். இன்று முதல் உங்களுக்குத் தெரியும்.

மனை விற்பனை

சரி. சித்திரையில் நான் மேடாக்கின இரண்டு மனை இருக்கிறது, இன்னும் கிரயம் ஆகவில்லை. அங்கேயும் மண் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகச் செலவில் என் பங்கு தருகிறேன், ஆனால் என் பெயர் மனுவில் வேண்டாம்.

பழைய மண்டி

அந்த வளாகத்தில் எந்தெந்தக் கிடங்கில் என்ன இருந்தது என்று ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன். கை நடுங்குகிறது, பேரன் எழுதுவான். உப்பு மேடை எங்கே, துண்டுக்காரர்கள் எங்கே, பேட்டரிக்காரன் எங்கே என்று குறித்துத் தருகிறேன். எந்த மூலையில் தோண்ட வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தால் நல்லது. அந்தக் கிணறும் எனக்குத் தெரியும். நாங்கள் குடித்த கிணறுதான்.

கீரைப்பாத்தி

எல்லோருக்கும் நன்றி. குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது, பேரன் ஒரே அழுகை. எங்கள் வீடு, மூன்றாவது தெரு, கால்வாய்க் கரையில் இரண்டு வீடு, பாகாயம் பேஸ்மட்டம், அந்த இரண்டு மனை ஆகிய இடங்களிலிருந்து மண்ணும், கால்வாய்க் கரைப் போர்த் தண்ணீரும் சனிக்கிழமை எடுக்கிறோம். சோதனைக்குழாய் தம்பி நேரில் வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஐஸ் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒப்பிட எங்கள் கொல்லையின் பழைய மண், வேப்பமரத்தடியில் இருந்து.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். டோக்கன் வாங்க ஆதார் நகல் கொண்டுவாருங்கள். லோடு வாங்கினவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், எந்தத் தேதி, எத்தனை லோடு என்று மட்டும் தனிச் செய்தியில் எழுதுங்கள், விலாசம் பொதுவில் வேண்டாம். பின்மூலைக்கு ஜேசிபி முன்னாலேயே வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே இங்கே போடுங்கள், கறுப்புக் கோட்டு சார் நம்பருக்கும் கூப்பிடுங்கள்.